இந்த வீட்டில் எத்தனை பேர்?

மேக்சின் தாக்ரே அந்தக் கடிதத்தை மூன்றாவது முறையாகப் படித்தாள். முதல் இரண்டு முறை கண்ணாடி போடாமல் படித்ததால், தப்பாகப் படித்துவிட்டோம் என்று நம்ப இடமிருந்தது. கண்ணாடி போட்ட பிறகும் எண் மாறவில்லை.

ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பவுண்டு. ஊர் நிர்வாகத்துக்குக் கட்டும் வீட்டு வரியான கவுன்சில் வரி பாக்கி. பலமுறை தெரிவித்தும் கட்டாததால், இம்மாதம் பத்தொன்பதாம் தேதி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஆஜராகும்படி சம்மன்.

"கட்டாததாலா?" என்று ஆளில்லாத சமையலறையில் கத்தினாள். "ஒரு மாசம், ஒரே ஒரு மாசம் நான் கட்டாம இருந்திருக்கேனா?"

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அவள் வீட்டில் இருப்பதே அதிசயம். பள்ளிக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கிறவள். இன்று அங்கே தண்ணீர்க் குழாய் வெடித்து, உருளைக்கிழங்கு மூட்டைகள் மிதக்கத் தொடங்கியதும் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மற்ற நாட்களில் மத்தியானம்தான் வகுப்பு என்பதால், தபால் வரும்போது வீட்டில் இருப்பவள் மகள் கிர்ஸ்டிதான். அவள் இன்று வகுப்பு சீக்கிரம் என்று பத்து மணிக்கே கிளம்பிவிட்டாள். அதனால் தபால்காரர் கதவுத் துவாரத்தில் போட்டது நேராக மேக்சின் கைக்கு வந்தது.

பாக்கிக்குக் காரணம் என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'தங்களுக்கு அளிக்கப்பட்டு வந்த தள்ளுபடி ரத்து செய்யப்பட்டது.'

கணக்கில் எடுக்கும்படி வீட்டில் பெரியவர் ஒருவர்தான் என்றால் வரியில் கால் பங்கு தள்ளுபடி. கணவன் விட்டுப் போன நாளிலிருந்து, ஒன்பது வருடமாக, அது மேக்சினுக்கு உண்டு. கிர்ஸ்டிக்குப் பதினெட்டு வயதானபோதும் போகவில்லை. முழுநேரம் படிக்கிறவர்களைக் கவுன்சில் தலைக்கணக்கில் சேர்ப்பதில்லை. கிர்ஸ்டி எக்ஸ்ரே எடுக்கும் படிப்பில் கடைசி வருடம். தினமும் ரயிலில் போய்வருகிறாள். அடுத்த மாதம் பட்டமளிப்பு. அன்றைக்குப் போட்டுக்கொள்ள மேக்சின் நீல நிறச் செருப்பு ஒன்றுகூட வாங்கி வைத்துவிட்டாள்.

அப்படியானால் தள்ளுபடி போனதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். அது மாடியில், பின்னறையில், குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

தம்பி ரசல் வந்து சேர்ந்த கதை சின்னதுதான். மனைவி இவோன் வீட்டைவிட்டுப் போகச் சொன்ன மறுநாள், இரண்டு பைகளும் ஒரு பெரிய டி.வி.யுமாக வந்து நின்றவன். "ரெண்டே வாரம், மேக்ஸ்" என்றான். அது நவம்பர். இப்போது ஜூன். போ என்று சொல்லவும் முடியாது. அம்மாவும் அப்பாவும் வீட்டை இருவர் பேருக்கும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மேக்சின் கதவை உள்ளங்கையால் அடித்தாள்.

"டேய் ரசல்! எழுந்திரு!"

"என்ன? வீடு தீப்பிடிச்சிருச்சா?"

"பிடிச்சிருந்தா உன்னை எழுப்பியிருக்கவே மாட்டேன். வெளியே வா."

போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு வந்தான். நாற்பத்தேழு வயது. பார்சல் வேன் ஓட்டுகிறவன். தலைமுடி ஒரு பக்கமாகப் படிந்திருந்தது.

"நீ இங்க வந்து தங்கியிருக்கேன்னு கவுன்சிலுக்குச் சொல்லுன்னு உன்கிட்ட டிசம்பர்லயே சொன்னேன். சொல்லிட்டேன்னு சொன்னே. சொன்னியா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"ஏழு மாசமாவா?"

"போன் பண்ணா காத்திருக்கச் சொல்லிட்டுப் பாட்டுப் போட்டு விட்டுடறாங்க, மேக்ஸ். நாப்பது நிமிஷம் கேட்டேன். அப்புறம் டெலிவரிக்கு நேரமாயிடுச்சு."

"உன் பாட்டுக்கு நான் கோர்ட்டுக்குப் போகணும்! பாரு!"

கடிதத்தை வாங்கிப் படித்தான். படித்து முடித்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. குற்ற உணர்ச்சி என்று மேக்சின் எடுத்துக்கொண்டாள். அவனிடம் அதைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்பதால் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

"நீ வீட்ல இரு," என்றான் ரசல். "நான் மட்டும் போய்ப் பேசிட்டு வர்றேன்."

"நீயா? உன்னைத் தனியா அனுப்பினா பக்கத்து வீட்டுப் பாக்கியையும் நம்ம தலையில எழுதி வாங்கிட்டு வருவே. பேன்ட்டைப் போடு."

கவுன்சில் அலுவலகம் இப்போது பழைய நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. எண் அச்சடித்த சீட்டு ஒன்றை இயந்திரம் துப்பியது. அறுபத்தெட்டு. பலகையில் ஓடிக்கொண்டிருந்தது நாற்பத்தொன்று. உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரமும் மேக்சின் தாழ்ந்த குரலில் திட்டினாள். ஈரத் துண்டு, தேய்ந்துபோன சோப்பு, காலிப் பால் பாட்டிலைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைக்கும் பழக்கம் எல்லாம் வந்தன. ரசல் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சண்டைக்கு வராதவனோடு எவ்வளவு நேரம்தான் சண்டை போடுவது?

கவுன்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் ஹேசல் என்று பெயர் குத்தியிருந்தது. சளி பிடித்திருந்தாள்.

மேக்சின் வாயைத் திறக்கும் முன்பே ரசல் முந்திக்கொண்டான்.

"தப்பு முழுக்க என்னுதுதாங்க. நான்தான் அங்க தங்கியிருக்கேன். சொல்லாம விட்டுட்டேன். அபராதம் என்னவோ போடுங்க, நானே கட்டிடறேன். விஷயம் முடிஞ்சுது."

மேக்சின் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். சின்ன வயதில் ஜன்னல் கண்ணாடியைப் பந்தால் உடைத்துவிட்டு, பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நானில்லை என்று சாதித்தவன் இவன்.

ஹேசல் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். "உங்க பேரே எங்ககிட்ட இல்லையே, சார்."

"இப்பப் போட்டுக்குங்க."

"போட்டுக்கறேன். எப்பலேர்ந்து இருக்கீங்க?"

"நவம்பர்."

"அப்படின்னா இது வேற விஷயம். தள்ளுபடி ரத்தானது போன வருஷம் ஜனவரியிலேர்ந்து."

"ஆமா, ஜனவரி," என்றான் ரசல் அவசரமாக. "நான் மறந்துட்டேன். போன வருஷம் ஜனவரியிலேர்ந்தே இங்கதான் இருக்கேன்."

"என்னடா உளர்றே?" என்றாள் மேக்சின். "போன வருஷம் ஜனவரி நீயும் இவோனும் ஸ்பெயின்ல இருந்தீங்க. என் பிறந்தநாளுக்குக்கூட வரல. நீச்சல் குளத்துலேர்ந்து போட்டோ அனுப்பினே."

"மேக்ஸ், கொஞ்சம் சும்மா இரேன்."

"நான் எதுக்குச் சும்மா இருக்கணும்?"

ஹேசல் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, திரையைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

"வரி உங்க பேர்ல இருக்குங்கறதால சொல்றேம்மா. வீட்ல மாணவின்னு கணக்குல சேர்க்காம ஒருத்தரை விட்டு வெச்சிருந்தோம். உங்க பொண்ணு கிர்ஸ்டி. அவங்க போன வருஷம் ஜனவரியோட படிப்பை விட்டுட்டாங்கன்னு எங்களுக்குத் தகவல் வந்தது."

"தப்பான தகவல்."

"இருக்கலாம்மா. அதனாலதான் இன்னும் படிக்கிறாங்கன்னு ஒரு சர்ட்டிஃபிகேட் அனுப்பச் சொல்லி பிப்ரவரியில எழுதினோம். அப்புறம் மார்ச், ஏப்ரல், மே. நாலு லெட்டர். ஒண்ணுக்கும் பதில் இல்ல."

"எனக்கு ஒரு லெட்டரும் வரல. என் பொண்ணு இன்னிக்குக் காலையிலகூட..."

அங்கே நின்றுவிட்டாள்.

ரசல் சுவரில் ஒட்டியிருந்த குப்பை பிரிக்கும் அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தான். பச்சைத் தொட்டியில் என்ன போடலாம், பழுப்புத் தொட்டியில் என்ன போடலாம் என்பதில் அவனுக்கு இவ்வளவு அக்கறை வந்து மேக்சின் பார்த்ததில்லை.

"உனக்குத் தெரியும்," என்றாள்.

அவன் அட்டவணையின் அடுத்த வரிக்குப் போனான்.

ஹேசல் மிச்சத்தையும் சொன்னாள். வீடு இருவர் பேரிலும் இருப்பதால், ரசல் வந்த நாளிலிருந்து இருவருமே பொறுப்பு. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவரிடம் முழுத் தொகையும் கேட்பார்கள். நாளைக்குள் பாக்கிப் பிரிவுக்குப் போன் செய்து தவணை பேசிக்கொண்டால் ஜப்தி ஆட்கள் வீட்டுக்கு வரமாட்டார்கள். மேக்சின் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பாதி காதில் விழவில்லை.

வேனுக்குள் ஏறி உட்கார்ந்ததும் கேட்டாள்.

"எவ்வளவு நாளா?"

"ஆறு வாரமா."

"எப்படி?"

"பக்கத்து ஊர்ல முதியோர் இல்லம் இருக்கில்ல, அங்க ஒரு பார்சல் குடுக்கப் போனேன். கையெழுத்துப் போட வந்தது நம்ம கிர்ஸ்டி. யூனிஃபார்ம்ல. என்னைப் பார்த்ததும் அங்கேயே அழுதுட்டா. அம்மாகிட்ட நானே சொல்றேன் மாமா, ஒரு வாரம் டைம் குடுங்கன்னா."

"ஆறு வாரம் ஆச்சே!"

"ஒவ்வொரு வாரமும் கேட்டா, மேக்ஸ்."

"நீயும் குடுத்தே."

"குடுத்தேன்."

"உங்க ரெண்டு பேருக்கும் நான் யாருடா? வீட்டைப் பார்த்துக்கற வாட்ச்மேனா?" அவள் குரல் உடைந்தது. அதை மறைக்க இன்னும் சத்தமாகப் பேசினாள். "சமையலறையில ஒவ்வொருத்திகிட்டயும் சொல்லியிருக்கேன். வலிக்குதா, இருங்க, என் பொண்ணு வந்து எக்ஸ்ரே எடுப்பாங்கறேன். செருப்பு வாங்கியிருக்கேன், ரசல்! செருப்பு!"

ரசல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். "திட்டணும்னா இப்பவே என்னைத் திட்டித் தீர்த்துடு," என்றான். "வீட்டுக்குப் போய் அவளைத் திட்டறதுக்குக் கொஞ்சம் குறைவா மிஞ்சட்டும்."

மேக்சின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கிர்ஸ்டி மாலை ஏழு மணிக்கு வந்தாள். ஜூன் மாதம் என்பதால் வெளியே இன்னும் நல்ல வெயில் இருந்தது. தோளில் புத்தகப் பை. அந்தப் பையில் என்ன இருக்கும் என்று மேக்சினுக்கு இப்போதுதான் யோசிக்கத் தோன்றியது.

மேசையில் மூன்று தட்டுகள். சாசேஜும் மசித்த உருளைக்கிழங்கும் பட்டாணியும். ரசல் டெலிவரிக்கு லீவு சொல்லிவிட்டு, மூலையில் உட்கார்ந்து பட்டாணியை நகர்த்திக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு என்ன கிளாஸ்?" என்று கேட்டாள் மேக்சின்.

"முதுகெலும்பு," என்றாள் கிர்ஸ்டி, தயங்காமல். "ஒரே போர்மா."

மேக்சின் சம்மனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கிர்ஸ்டி அதைத் தொடவில்லை. மாமாவைப் பார்த்தாள்.

"நான் சொல்லல," என்றான் ரசல். "கவுன்சில் சொல்லிருச்சு."

அவள் பையைத் தோளிலிருந்து இறக்காமலே உட்கார்ந்தாள்.

"ஒரு பேப்பர் ரெண்டு தடவை போச்சும்மா. மூணாவது தடவை எழுத முடியாதுன்னுட்டாங்க. அன்னிக்கே சொல்லணும்னுதான் வீட்டுக்கு ஓடி வந்தேன். கதவைத் திறந்தா வீடு நிறைய ஆளுங்க. உன்னோட அம்பதாவது பிறந்தநாள். தலையில காகிதத் தொப்பி போட்டுக்கிட்டு, 'இதோ வந்துட்டா எங்க டாக்டர்'னு எல்லார் முன்னாடியும் கத்தினே. எக்ஸ்ரே எடுக்கறவங்க டாக்டர் இல்லம்மா, எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்."

"பதினேழு மாசமாவா உனக்கு நாளைக்கு வரல?"

"ஒரு நாள் தள்ளிப்போனா அடுத்த நாள் இன்னும் கஷ்டமா இருக்கும்மா."

"தினமும் ரயிலுக்குன்னு காசு குடுத்தேனே! அது?"

கிர்ஸ்டி எழுந்து மாடிக்கு ஓடினாள். ஒரு ஷூப் பெட்டியோடு இறங்கி வந்தாள். விலாசம் தெரிய ஜன்னல் வைத்த பழுப்பு உறைகள் மேலே கிடந்தன. அவற்றுக்கு அடியில், ரப்பர் வளையம் போட்ட நோட்டுக் கட்டு.

"ஒரு பென்னிகூட செலவு பண்ணலம்மா. அங்க பஸ்ல போயிட்டு வர என் சம்பளமே போதும். சம்பளத்துலேர்ந்தும் கொஞ்சம் சேர்த்தேன். கவுன்சில் கேட்டதைக் கட்டிட்டு அப்புறம் சொல்லலாம்னு பார்த்தேன். நான் சேர்க்கச் சேர்க்க அவங்க கேக்கறது ஏறிக்கிட்டே போகுது. முதல்ல வந்தது நானூத்திச் சொச்சம்தான். ரெண்டு லெட்டருக்குப் பதில் இல்லைன்னதும் இந்த வருஷத்து வரி முழுசையும் ஒரேயடியா கட்டுன்னுட்டாங்க."

"பிரிச்சுப் பார்த்து நாலு லெட்டரையும் ஒளிச்சு வெச்சே."

"ஆமா."

"முதல் லெட்டரை என்கிட்டக் குடுத்திருந்தா நானூறோட போயிருக்கும்."

"தெரியும்."

மேக்சினுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. மத்தியானத்திலிருந்து தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் வரிசையாக நின்றன. எதிரே உட்கார்ந்திருந்தவளின் விரல்கள் சோப்பு நீரில் ஊறி வெடித்திருந்தன. இந்தக் கையைப் பார்த்துக்கூட எனக்குத் தெரியவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

"அங்க என்ன வேலை?"

"குளிப்பாட்டி விடறது, சாப்பாடு குடுக்கறது, படுக்கையை மாத்தறது. மத்தியானம் சில பேர் சீட்டாடுவாங்க. என்னையும் ஆடச் சொல்லி ஏமாத்துவாங்க." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கும்மா," என்றாள். "அதைத்தான் உன்கிட்டச் சொல்லப் பயமா இருந்தது. ஃபெயிலானதைவிட."

"பிடிச்சிருக்காம்," என்றாள் மேக்சின் ரசலிடம், அவன்தான் ஏதோ சொல்லிவிட்டதைப்போல. "நான் இங்க ஜப்திக்கு ஆள் வருவானான்னு பயந்து சாகறேன். இவளுக்குப் பிடிச்சிருக்காம்." பிறகு மகளின் தட்டைப் பார்த்தாள். "ஆறிப்போகுது. சாப்பிடு. நாளைக்குக் காலையில எட்டரை மணிக்கு மூணு பேரும் இந்த மேசையில உட்கார்ந்து கவுன்சிலுக்குப் போன் பண்றோம். யாரும் எங்கயும் போகக் கூடாது. அதுக்கப்புறம் உன்னைத் திட்டறேன். இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, ஞாபகம் வெச்சுக்க."

கிர்ஸ்டி அழுதுகொண்டே பட்டாணியை வாயில் வைத்தாள்.

மேக்சின் உறைகளைத் தேதி வாரியாக அடுக்கத் தொடங்கினாள். பிப்ரவரி. மார்ச். ஏப்ரல். மே. ஐந்தாவதாக ஒன்று கையில் தட்டுப்பட்டது. அது பழுப்பு இல்லை. வெள்ளை உறை. கையால் எழுதிய விலாசம். பிரிக்கப்படவில்லை.

"இது என்ன?"

கிர்ஸ்டியின் முள்கரண்டி தட்டில் விழுந்தது.

"அது... மார்ச்ல வந்தது. கவுன்சில் லெட்டரோட சேர்த்து அவசரத்துல அள்ளிட்டுப் போயிட்டேன். அப்புறமாத்தான் பேரைப் பார்த்தேன். இதைக் குடுத்தா அன்னிக்கு வந்த மத்த லெட்டர் எங்கேன்னு கேப்பீங்களேன்னு..." ரசல் பக்கம் திரும்பினாள். "மாமா, சாரி மாமா."

ரசல் எழுந்து வந்தான். தூரத்திலேயே அந்தக் கையெழுத்து அவனுக்குத் தெரிந்துவிட்டது. இவோன் 'R' எழுத்தைச் சுழித்து எழுதுவாள். அவளுக்கு எத்தனை தடவை போன் செய்திருப்பான் என்று அவனுக்கே கணக்கில்லை. எடுக்கவே இல்லை. பிப்ரவரியோடு அவனும் நிறுத்திவிட்டான். அவள் முடிவு செய்துவிட்டாள் என்று எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொன்னான்.

உறையில் மார்ச் நான்காம் தேதி முத்திரை. வெண்ணெய்க் கத்தியால் பிரித்தான். ஒரே ஒரு தாள். நின்றபடியே படித்தான். காலையிலிருந்து அக்கா என்ன திட்டியும் அசையாத முகம் மெல்ல மெல்ல வெளிறியது.

"என்னடா எழுதியிருக்கா?" என்றாள் மேக்சின்.

"ஈஸ்டர் ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கா. சமைச்சு வெக்கறேன்னு." தாளைத் திருப்பிப் பார்த்தான். "வரலைன்னா, உன் பதில் அதுதான்னு புரிஞ்சுக்கறேன்னு போட்டிருக்கா."

ஈஸ்டர் போய் ஒன்பது வாரமாகிவிட்டது.

ரசல் கிர்ஸ்டியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் பக்கம் பார்க்கக்கூட இல்லை. ஆணியில் மாட்டியிருந்த வேன் சாவியை எடுத்தான். வாசல் கதவு திறந்த வேகத்தில் சுவரில் மோதியது.

"டேய், முதல்ல ஒரு போனாவது பண்ணு!" என்று மேக்சின் கத்தினாள். "இப்படியா போய் நிப்பே?"

அவளைத் தாண்டிக்கொண்டு கிர்ஸ்டி ஓடினாள். புத்தகப் பை நடையில் விழுந்தது. காலில் செருப்பில்லை. வேன் நகரத் தொடங்கியிருந்தது. அவள் அதன் முன்னால் போய்க் கையை விரித்து நின்றாள்.

"நானும் வர்றேன் மாமா. அத்தைகிட்ட நான் சொல்றேன். நான்தான் எடுத்து வெச்சேன்னு என் வாயால நானே சொல்றேன்."

ரசல் ஒரு நிமிடம் கண்ணாடி வழியாக அவளையே பார்த்தான். பிறகு எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான்.

இவோன் இருப்பது நாற்பது மைலுக்கு அப்பால். வேன் தெருமுனையில் திரும்பி மறையும்வரை மேக்சின் வாசலிலேயே நின்றாள். அந்த வீட்டுக் கதவை இப்போது தட்டினால் யார் வந்து திறப்பார்கள் என்று வேனில் போகிற இருவருக்குமே தெரியாது.